தரிசு என்னும் பெயரும் அதில் வாழும் உயிர்களும்

நிலத்தை ஐந்திணையாக வகுத்த நம் முன்னோர், மற்ற நான்கிற்கும் மலை, காடு, வயல், கடல் என்று இடம் காட்டினர். பாலைக்கு மட்டும் தனியே ஓர் இடம் காட்டினாரிலர். முல்லையும் குறிஞ்சியும் மழை பொய்த்து வெப்பம் மிகுந்து தம் இயல்பு திரியும்போது பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். இலக்கியம் பயின்ற நேயர்கள் இதனை நன்கு அறிவர். ஆனால், உலர்நிலங்களை ஆராயும் இன்றைய அறிஞர்களும் ஏறத்தாழ இதே நோக்குடன்தான் அந்நிலங்களைக் காண்கின்றனர் என்பது பலர் அறியாத செய்தி. உலர்நிலம் என்பது மணற்குன்றுகள் மட்டும் அன்று. மழையின் அளவு, மேய்ச்சலின் அளவு, மனிதன் வெட்டும் விறகின் அளவு ஆகியவை கூடியும் குறைந்தும் வர, ஒரே நிலம் புல்வெளியாகவும், புதர்க்காடாகவும், வெறும் கட்டாந்தரையாகவும் மாறி மாறி நிற்கிறது.

பாலைவனம் என்றவுடன் நம் எண்ணம் ராஜஸ்தானத்துக்கு ஓடிவிடுகிறது. அவ்வளவு தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஹைதராபாத்தின் காச்சிகுடா நிலையத்தில் ரயில் ஏறி, கர்நூல், கடப்பை, ரேணிகுண்டா வழியாகத் தமிழகம் செல்லும் நம்மவர்கள், விடியற்காலையில் ஜன்னலைத் திறந்தால் காண்பது இத்தகைய நிலத்தைத்தான். பாறைகள், அவற்றினிடையே காய்ந்த புல், களாப் புதர், இலந்தை, வேல மரம், அங்கங்கே ஆட்டு மந்தை. "ஒன்றுமே இல்லாத ஊர்" என்று சொல்லி ஜன்னலை மறுபடியும் சாத்திவிடுவோர் உண்டு. அந்த 'ஒன்றுமில்லாத' நிலத்தில் என்ன இருக்கிறது என்பதையே இங்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவனுக்குச் சொற்களின் மீது சந்தேகம் இயல்பாகவே எழும். ஆங்கிலேயர் காலத்து வருவாய்த்துறைக் கணக்குகளில், வரி விளையாத நிலம் 'வீண் நிலம்' எனப் பொருள்படும் சொல்லால் குறிக்கப்பட்டது. தமிழில் அதனைத் தரிசு என்றோம். கிராமக் கணக்கில் ஒரு பகுதி புறம்போக்கு ஆயிற்று. இங்கே தெலுங்கிலும் உருதுவிலும் பஞ்சர் என்பர். கணக்குப் பிள்ளைக்கு இச்சொல் வசதியானது. வரி இல்லை, ஆகவே பயன் இல்லை, அவ்வளவே. இச்சொல் பழங்கணக்கோடு போய்விடவும் இல்லை. விண்ணிலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு நாட்டின் தரிசு நிலங்களைக் காட்டும் படத்தொகுப்பு ஒன்று 2000-ஆம் ஆண்டு முதல் அவ்வப்போது வெளியிடப்பட்டு வருகிறது. அதனை உருவாக்குவதில் பெரும் பங்கு ஹைதராபாத்திலுள்ள தேசியத் தொலையுணர்வு மையத்துக்கு உரியது. மிக நுட்பமான வேலை; அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆயினும், அடர்ந்த புதர் நிலம், திறந்த புதர் நிலம் ஆகிய இரண்டும் அதிலே தரிசின் வகைகளாகவே வைக்கப்பட்டுள்ளன. தரிசு என்று எழுதப்பட்டுவிட்டால், அடுத்து வரும் கோப்பு அதனைப் 'பயனுள்ளதாக்கும்' கோப்பாகத்தானே இருக்கும்? மரம் நடலாம், ஆலை கட்டலாம், கால்வாய் வெட்டலாம், சூரிய ஒளித் தகடுகளைப் பரப்பலாம். இவை யாவும் வேண்டுவனவே. ஆனால் வேறெங்கும் வாழவியலாத உயிர்கள் அந்நிலத்தில் உள்ளனவா என்று எவரும் கேட்பதற்குள் வேலை தொடங்கிவிடுகிறது.

உலர்நிலத்தை ஆராய்ச்சிப் பொருளாகக் கொள்ளும் முயற்சி நம் நாட்டில் சுதந்திரத்துக்குப் பின் வேரூன்றியது. 1952-இல் ஜோத்பூரில் பாலைவனக் காடு வளர்ப்பு நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. யுனெஸ்கோவின் துணையுடன் 1959-இல் அது மத்திய வறட்சி மண்டல ஆராய்ச்சி நிலையமாக உருப்பெற்றது. ஹைதராபாத்தை அடுத்த படான்சேருவில் 1972-இல் அமைந்த சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிலையம், மழை குறைந்த வெப்பநாடுகளின் உழவனுக்கென்றே ஏற்பட்டது. சோளம், கம்பு, துவரை, கடலை, நிலக்கடலை ஆகியவை அதன் பயிர்கள். இவ்விரு நிலையங்களும் மனிதனின் உணவையும் கால்நடையின் தீவனத்தையும் நோக்கமாகக் கொண்டவை. காட்டுயிர்களை நோக்கமாகக் கொண்ட ஆராய்ச்சி வேறொரு வழியில் வந்தது. அவ்வழியின் ஒரு தொடக்கம் ஹைதராபாத்தே என்பது இவ்வூரில் வாழும் நமக்கு மகிழ்ச்சி தருவதாகும்.

பறவை அறிஞர் ஸாலிம் அலி வேலையின்றி இருந்த காலம் அது. பம்பாய் அரும்பொருட்காட்சிச் சாலையில் அவர் வகித்த பதவி இல்லாமற் போயிற்று. அப்போது அவர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு ஒரு யோசனை கூறினார்: சமஸ்தானங்கள் பயணச் செலவையும் முகாம் செலவையும் ஏற்றால் போதும், தாம் சம்பளம் இன்றியே அவற்றின் பறவைகளைக் கணக்கெடுத்துத் தருவதாக. நிஜாம் அரசு இசைந்தது. 1931-32-ஆம் ஆண்டுகளில் நடந்த ஹைதராபாத் சமஸ்தானப் பறவைக் கணக்கெடுப்பு, அவர் தலைமையேற்று நடத்திய முதல் பிரதேச ஆராய்ச்சியாகும். மனைவி தெஹ்மினாவும் முகாம்களில் உடன் இருந்தார். பிற்காலத்தில் அவர் பெயர் உலகெங்கும் பரவியதற்கு அடிப்படையான உழைப்பு, தக்காணத்தின் இந்த உலர்ந்த மேட்டுநிலத்தில் தொடங்கியது.

இனி, அந்நிலத்தின் உயிர்களுள் மூன்றனைப் பற்றிச் சொல்கிறேன். மூன்றும் ஒரே கதையின் மூன்று பகுதிகள் எனலாம்.

முதலாவது வெளிமான். பெயரே அதன் வாழிடத்தைச் சொல்லிவிடுகிறது. அடர்ந்த காட்டில் அதற்கு வேலை இல்லை; வெட்டவெளியில் பார்வையையும் கால்வேகத்தையும் நம்பி வாழும் விலங்கு. கலைமானின் முதுகு கருமை, வயிறு வெண்மை, கொம்பு திருகு திருகாக நீளும். கோடியக்கரையிலும், கிண்டியிலும், தூத்துக்குடி மாவட்டத்து வல்லநாட்டுக் குன்றிலும் நம் நேயர்கள் இதனைக் கண்டிருக்கலாம். தெலுங்கர் இதனைக் கிருஷ்ண ஜிங்க என்பர். ஹைதராபாத் நகரிலேயே இதனைக் காணவேண்டின், விஜயவாடா சாலையில் வனஸ்தலிபுரத்தை ஒட்டியுள்ள மகாவீர் ஹரிண வனஸ்தலிக்குச் செல்லலாம். ஒரு காலத்தில் நிஜாமின் வேட்டைத் தலமாயிருந்த இந்த 3,600 ஏக்கர் புதர்நிலம், 1975-இல் மகாவீரரின் 2,500-ஆவது நிர்வாண ஆண்டை ஒட்டி மான்களுக்கென ஒதுக்கப்பட்டது. சுற்றிலும் வீடுகள் நெருங்கிவிட்ட இக்காலத்தில், அந்த வேலிக்குள் நிற்கும் முட்புதரே தக்காணத்தின் பழைய முகம். புதிதாகக் குடிவந்த நம்மவர் சிலர், "இங்கே நல்ல மரமாக நட்டு வளர்த்தால் என்ன?" என்று கேட்பதைக் கேட்டிருக்கிறேன். நல்லெண்ணத்தால் எழும் கேள்வி. ஆனால் மரம் அடர்ந்த இடம் வெளிமானுக்குச் சிறைபோன்றது.

இவ்விலங்கின் பொருட்டு நகரின் மறுபக்கத்தில் வேறு வகை முயற்சியும் நடந்தது. அருகிவரும் உயிரினங்களைக் காக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றை, ஹைதராபாத்து உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த லால்ஜி சிங் முயன்று அமைத்தார். அத்தாபூரில் உள்ள அதனை, அப்போது குடியரசுத் தலைவராயிருந்த அப்துல் கலாம் 2007-இல் நாட்டுக்கு அர்ப்பணித்தார். செயற்கை முறைக் கருவூட்டலால் 2006-இல் ஒரு புள்ளிமான் குட்டியும், 2007-இல் ஒரு வெளிமான் குட்டியும் அங்கே பிறந்தன. விஞ்ஞானத்தின் சாதனை இது என்பதில் ஐயமில்லை. எனினும், குட்டியைப் பிறப்பிப்பது எளிதாகி, அது ஓடித் திரியும் வெளியைப் பெறுவது அரிதாகிவிட்ட காலத்தில் நாம் இருக்கிறோம்.

இரண்டாவது உயிர் கானமயில். பழம்பாடல்களில் இச்சொல் காட்டு மயிலைக் குறித்தது. இக்காலத்து இயற்கையாளர் வேறொரு பெரும் பறவைக்கு இதனைப் பெயராக வழங்குகின்றனர். தெலுங்கில் பட்டமேக்க என்பது அதன் பெயர். ஒரு மீட்டர் உயரம் நிற்கும். சேவல் 15 கிலோ வரை கனக்கும். பறக்கவல்ல பறவைகளுள் மிகக் கனமானவற்றுள் ஒன்று. வெற்றுத் தரையில், கூடு என்று சொல்லத்தக்க எதுவுமின்றி, ஒரு பருவத்துக்குப் பெரும்பாலும் ஒரே முட்டை இடும். நாயோ நரியோ அந்த முட்டையைத் தின்றுவிட்டால் அவ்வாண்டு வீணாயிற்று.

ஒரு நூற்றாண்டுக்கு மேல் இதனை வேட்டையாடினோர் கணக்கற்றவர். 1809 முதல் 1829 வரையான இருபது ஆண்டுகளில் அகமத்நகர் ஜில்லாவில் ராபர்ட் மேன்ஸ்ஃபீல்டு என்னும் ஆங்கிலேயர் ஒருவரே 961 கானமயில்களைச் சுட்டதாகக் குறிப்பு உள்ளது. இன்று நாடெங்கும் எஞ்சியிருப்பவற்றின் எண்ணிக்கை அதில் ஒரு சிறு பகுதியே. 1969-இல் நாடு முழுவதும் 1,260 என்று மதிக்கப்பட்ட தொகை, 2018 வாக்கில் 150 அளவுக்கு இறங்கியது. தமிழ்நாட்டிலும் முற்காலத்தில் இது வாழ்ந்தது, இன்று இல்லை. நாட்டின் தேசியப் பறவையாக இதனைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஸாலிம் அலி வாதிட்டார். மயிலுக்கு நம் நாட்டில் ஆதரவு குறைவில்லை. ஆனால் இப்பறவைக்கு அப்பட்டம் கிடைத்தால் அதன் அழிவாவது தடைப்படும் என்பது அவர் கருத்து. 1963-இல் மயிலே தேசியப் பறவையாயிற்று. ஆங்கிலத்தில் இதன் பெயரை ஓரெழுத்து மாற்றி அச்சிட்டால் வசைச் சொல்லாகிவிடும் என்னும் அச்சமும் ஒரு காரணம் என வேடிக்கையாகச் சொல்வர். அச்சுப்பிழையோடு நாள்தோறும் போராடுகிற என்னைப் போன்றோருக்கு அது முற்றிலும் வேடிக்கையாகத் தோன்றவில்லை.

1980-ஐ ஒட்டி, கர்நூல் ஜில்லாவில் ரோல்லபாடு என்னும் சிற்றூரைச் சுற்றிய புல்வெளியில் கானமயில்கள் வாழ்வது தெரியவந்தது. இன்று அவ்வூர் நந்தியால ஜில்லாவில் சேர்ந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அங்கு ஒரு கள நிலையம் அமைத்தது. ஆசாத் ரஹ்மானி, ரஞ்சித் மனக்காடன் முதலிய ஆராய்ச்சியாளர் அங்கே பணிபுரிந்தனர். 1988-இல் 614 ஹெக்டேர், அதாவது சுமார் 1,500 ஏக்கர் நிலம், சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கள ஆராய்ச்சி என்பது சோர்வு தரும் வேலை. வெயிலில் மறைவிடத்தில் பகலெல்லாம் அமர்ந்து, ஒரு பறவை எத்தனை அடி நடந்தது, எந்தப் பூச்சியைத் தின்றது, எப்போது தலையை உயர்த்திற்று என்று நாட்குறிப்பில் எழுத வேண்டும். அவ்வாறு ஆண்டுக்கணக்கில் எழுதியதனால் தெரியவந்தது என்னவெனில், இப்பறவை சரணாலயத்தின் எல்லைக்குள் அடங்கி வாழ்வதில்லை. வெட்டுக்கிளியையும் வண்டையும் தேடி, உழவரின் சோளக் கொல்லைகளிலும் நிலக்கடலைக் கொல்லைகளிலும் அது மேய்கிறது. மானாவாரி உழவும் புல்வெளியும் அடுத்தடுத்து இருந்த பழைய ஏற்பாடே அதனை வாழவைத்தது.

இங்கேதான் எதிர்பாராத ஒரு சிக்கல் தோன்றிற்று. வேலியும் காவலும் வந்தபின், பறவைக்கு முன் வெளிமான் பெருகியது. விரல்விட்டு எண்ணத்தக்க நிலையிலிருந்து நூற்றுக்கணக்காயிற்று. மான் கூட்டம் இரவில் கொல்லைகளில் இறங்கிப் பயிரை அழித்தது. வானம் பார்த்த பூமியில் ஒரு போகமே காணும் உழவன், கண்ணெதிரே பயிர் போவதைப் பார்த்துக்கொண்டு அரசுக்கு மனு எழுதிக் காத்திருக்க வேண்டியதாயிற்று. அவன் கோபம் சரணாலயத்தின் மேலும், அதற்குக் காரணமாகக் கருதப்பட்ட பறவையின் மேலும் திரும்பியதில் வியப்பென்ன? மத்தியப் பிரதேசத்தில் கரேரா என்னுமிடத்தில் 1981-இல் அமைந்த கானமயில் சரணாலயத்திலும் இதுவே நடந்தது. அங்கே கானமயில் முற்றிலும் மறைந்துபோயிற்று, மான் மிஞ்சியது. இந்நிகழ்ச்சிகளில் உழவன்மீது பழிபோடுவோரை நான் ஏற்பதற்கில்லை. ஏழை ஒருவனின் கொல்லையை நாட்டின் பெருமைக்கு விலையாகக் கேட்பவர், அதற்குரிய ஈட்டை உரிய காலத்தில் அவன் கையில் கொடுத்திருக்க வேண்டும்.

ரோல்லபாட்டில் பிற மாறுதல்களும் நேர்ந்தன. பாசன நீர் வந்தது, பயிர் மாறிற்று, மானாவாரிச் சோளம் குறைந்தது. 2010-களில் அங்குக் கானமயில் ஒன்றிரண்டே கண்ணிற்படும் நிலை ஏற்பட்டது. இப்போது இவ்வினத்தின் நம்பிக்கை பெரும்பாலும் ராஜஸ்தானத்து ஜெய்சால்மர் ஜில்லாவிலேயே உள்ளது. 1980-இல் அமைந்த பாலைவனத் தேசியப் பூங்கா அங்கிருப்பது. அங்கே வந்துள்ள புதிய இடையூறு மின்கம்பி. இப்பறவைக்குக் கண்கள் தலையின் பக்கவாட்டில் அமைந்தவை; பறக்கும்போது நேர் எதிரே உள்ளது தெளிவாகத் தெரியாது. உடலும் கனம். கம்பி அருகில் வந்தபின் திரும்ப இயலாமல் மோதி இறக்கிறது. சூரிய ஒளி மின்சாரமும் காற்றாலை மின்சாரமும் அதே வெட்டவெளியிலேயே எழுவதால், கம்பிகள் நாளுக்கு நாள் பெருகுகின்றன. கம்பிகளைப் பூமிக்கடியில் பதிக்குமாறு 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பரந்த நிலப்பரப்பு முழுவதிலும் அது இயலாது என்று அரசு எடுத்துரைத்ததன் பேரில், 2024 மார்ச்சில் அவ்வாணையைத் திருத்தி, நிபுணர் குழு ஒன்றிடம் பொருளை ஒப்படைத்தது. நிலக்கரிப் புகையைக் குறைக்கும் மின்சாரமே பறவையைக் கொல்லும் கம்பியாகவும் அமைவது, எவரும் தீய எண்ணத்துடன் செய்த காரியம் அன்று. ஆயினும் பறவைக்கு அந்த வேறுபாடு தெரியாது. இதற்கிடையே, காட்டிலிருந்து எடுத்த முட்டைகளைப் பொறிக்கவைத்து வளர்க்கும் நிலையம் 2019-இல் ஜெய்சால்மரை அடுத்த ஸாம் என்னுமிடத்தில் தொடங்கியது. டெஹ்ராடூனிலுள்ள இந்திய வனவிலங்கு நிறுவனமும் ராஜஸ்தான் வனத்துறையும் அதனை நடத்துகின்றன. அங்குக் குஞ்சுகள் நன்கு வளர்ந்து, அவற்றுக்கும் குஞ்சுகள் பிறந்துள்ளன.

மூன்றாவது உயிரின் கதையில் தமிழருக்கு நேரான தொடர்பு உண்டு. சென்னை ராணுவத்தில் மருத்துவராக வந்து, நெல்லூரில் சிவில் சர்ஜனாகவும் பணியாற்றிய ஜெர்டன் என்பவர், தென்னிந்தியப் பறவைகளைப் பற்றி முதன்முதல் விரிவாக எழுதியோருள் ஒருவர். அவர் கண்ட ஒரு சிறு பறவை 1848-இல் விஞ்ஞான உலகுக்கு அறிமுகமாயிற்று. ஆட்காட்டிக் குருவியைப்போல் நீண்ட கால். மார்பின் குறுக்கே இரண்டு வெண்பட்டைகள். பகலில் புதரடியில் அசையாது கிடந்து, இரவில் ஓடி ஓடி இரை தேடும் இயல்பு. கடப்பை, நெல்லூர், அனந்தப்பூர்ப் பகுதிகளையன்றி உலகில் வேறெங்கும் அது பெரிதும் அறியப்படவில்லை. 1900-இல் அனந்தப்பூருக்கு அருகே ஒருமுறை காணப்பட்டது. அதன்பின் எண்பத்தைந்து ஆண்டுகள் எவரும் கண்டிலர். பலர் தேடினர், அது அற்றுப்போயிற்று என்றே நூல்கள் எழுதின.

ஆனால் கடப்பைக் காடுகளில் வாழும் மக்களுக்கு அது அற்றுப்போகவில்லை. அவர்கள் அதனைக் கலிவிக் கோடி என்று அழைத்து வந்தனர். கலிவி என்பது நம் களாச்செடி. கோடி என்றால் கோழி. களாக்கோழி என்று நாம் அழைக்கலாம். பம்பாய்க் கழகத்தைச் சேர்ந்த பாரத் பூஷன், பறவையின் படத்தைக் காட்டி ஊர் ஊராக விசாரித்து வந்தார். 1986 ஜனவரியில், ஊர்வாசி ஒருவர் இரவில் கைவிளக்கின் ஒளியில் ஒரு களாக்கோழியைப் பிடித்துவிட்டார். செய்தி கேட்ட ஸாலிம் அலி, தொண்ணூறு வயதை நெருங்கிய நிலையிலும் புறப்பட்டு வந்தார். அவர் மறைந்தது அடுத்த ஆண்டில். படித்தவர் நூலில் 'இல்லை' என்று எழுதியதைப் படிக்காதவர் ஒருவர் கையில் பிடித்துக் காட்டினார்.

1988-இல் அப்பகுதி ஸ்ரீ லங்கமல்லேஸ்வர சரணாலயமாயிற்று. ஆயினும், இரவில் மட்டும் இயங்கும், விளக்கொளி பட்டால் நின்றும் ஓடியும் மறையும் பறவையை எவ்வாறு ஆராய்வது? 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதற்கு விடை கண்டவர்களுள் முதன்மையானவர் ப. ஜெகநாதன் என்னும் தமிழர். அவரும் அவருடன் பணியாற்றிய இந்திய, பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளரும் கைக்கொண்ட முறை மிக எளியது. புதர்களிடையே நெடுகச் சல்லடையில் சலித்த மண்ணைப் பட்டையாகப் பரப்பினர். மாலையில் மண்ணைச் சமன்செய்துவிட்டு, காலையில் வந்து காலடித் தடங்களைப் படித்தனர். களாக்கோழியின் காலில் பின்விரல் இல்லை; முன்னோக்கிய மூன்று விரல்களே உண்டு. ஆகவே கௌதாரி, காடை முதலியவற்றின் தடத்திலிருந்து இதனைப் பிரித்தறியலாம். நம் பெண்டிர் வாசலில் கோலமிடும் முன் மண்ணைப் பதப்படுத்துவது போன்ற வேலை. ஆனால் நூற்றுக்கணக்கான பட்டைகளில், நாள் தவறாமல். தடம் தெரிந்த இடங்களில் தானே படமெடுக்கும் காமிராக்களை வைத்தனர். பின்னர் அதன் குரலும் பதிவாயிற்று. இரண்டசைக் குரல், அடுத்தடுத்து, இருள் கவிந்த சிறிது நேரத்துக்கு மட்டும் ஒலிப்பது. அக்குரலைக் கருவியால் ஒலிக்கச் செய்து, பதில் வருகிறதா என்று கேட்பது மற்றொரு வழியாயிற்று.

இவ்வாராய்ச்சியின் பயன் என்ன? ஆளுயரத்துக்கு மேற்பட்ட, அதாவது இரண்டு மீட்டருக்கு மேல் வளர்ந்த புதர்கள் ஒரு ஹெக்டேருக்கு 300 முதல் 700 வரை உள்ள இடத்தையே களாக்கோழி விரும்புகிறது. சிறு புதர்கள் ஆயிரத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும். புதர் அடர்ந்தால் ஓட இயலாது. அற்றுப்போனால் ஒளிய இடமில்லை. இந்த அளவைக் காப்பது யார்? ஆடு மேய்ப்பவனும் விறகு வெட்டுபவளுமே. அவர்கள் மிகுதியாக வந்தால் நிலம் கட்டாந்தரையாகும். அறவே தடுத்துவிட்டால் புதர் மண்டிப் பறவை வெளியேறும். ரோல்லபாட்டு மானும் கடப்பைப் புதரும் ஒரே உண்மையைத்தான் சொல்கின்றன. இம்மாதிரி நிலத்தில் வேலி போட்டுப் பூட்டுவது காவலாகாது. அளவறிந்து பயன்படுத்தச் செய்வதே காவல். இதனை அலுவலகக் கோப்பில் விதியாக எழுதுவது எளிதன்று. ஆண்டுதோறும் ஒருவர் அங்கே சென்று புதரை எண்ண வேண்டும்.

தொடர்பு என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். சென்னையின் குடிநீர்ப் பஞ்சத்தைத் தீர்க்க, கிருஷ்ணை நீரை ஸ்ரீசைலத்திலிருந்து கொண்டுவரும் தெலுங்கு கங்கைத் திட்டத்தை நேயர்கள் அறிவர். 1983-இல் ஆந்திரத்துக்கும் தமிழகத்துக்கும் ஒப்பந்தம் ஏற்பட்டது. 1996-இல் நீர் தமிழக எல்லையை எட்டியது. வேலுகோடு, பிரம்மம்சாகர், சோமசிலை, கண்டலேறு வழியாகப் பூண்டிக்கு வரும் நெடிய வழி அது. வழியெங்கும் ராயலசீமையின் வறண்ட வயல்களுக்கும் அதே திட்டம் நீர் தருகிறது. அந்நீர் வந்த பிறகு நிம்மதியாக மூச்சுவிட்ட குடும்பங்களுள் நம் உறவினர் குடும்பங்களும் இருக்கும். அத்திட்டத்தைச் சேர்ந்த கால்வாய் ஒன்று, 2005-ஐ ஒட்டிக் களாக்கோழியின் இருப்பிடத்தின் ஊடாகவே வெட்டப்பட்டது. பறவையைத் தேடிச்சென்ற ஆராய்ச்சியாளர் கண்டது மண்வெட்டி இயந்திரங்களை. அவர்கள் முறையிட்டனர், வேலை நின்றது, பொருள் உச்ச நீதிமன்றம் அமைத்த குழுவின் முன் சென்றது, இறுதியில் கால்வாய் வேறு வழியில் திருப்பப்பட்டது. பறவைக்கெனக் கூடுதல் நிலம் சேர்க்கவும் ஏற்பாடாயிற்று. கால்வாய் கைவிடப்படவில்லை, வளைந்து சென்றது, அவ்வளவே. முன்னரே புதரை எண்ணியவர் அங்கே இருந்திராவிட்டால், எந்த இடத்தில் வளைய வேண்டும் என்று எவருக்கும் தெரிந்திராது.

ஆயினும் நல்ல முடிவு என்று சொல்லிவிட இயலவில்லை. 2009-க்குப் பின் நெடுங்காலம் களாக்கோழியைப் பற்றி உறுதியான செய்தி வரவில்லை. புதர்நிலம் தோட்டமாகவும் வயலாகவும் மாறிவருகிறது. நாம் சீமைக் கருவேலம் என்று அழைக்கும் அயல்நாட்டு முள்மரமும் பரவுகிறது. தெலுங்கில் அதற்குச் சர்க்கார் தும்ம என்று பெயர். சர்க்காரின் தயவால் வந்த மரம் என்பதை ஊர்மக்கள் பெயரிலேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

இப்பறவையைக் குறித்த மற்றொரு சிறு செய்தி. 2013-இல் ஸ்காட்லாந்து நாட்டில் அபர்டீன் பல்கலைக்கழகத்து அருங்காட்சியகத்தில், பழைய முட்டைகள் அடங்கிய தொகுப்பு ஒன்றில் களாக்கோழியின் முட்டை இருப்பது தெரியவந்தது. அருங்காட்சியகங்களில் இருந்த பழைய பறவைத் தோல்களின் மரபணுவோடு ஒப்பிட்டு அதனை உறுதிசெய்தனர். அதுவரை இவ்வினத்தின் முட்டை என்று உலகில் எதுவும் அறியப்பட்டிருக்கவில்லை. 1917-இல் அதனை எடுத்தவர் ஒரு கால்நடை மருத்துவ அதிகாரி. எடுத்த இடம் கோலார் தங்கவயல். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சென்று குடியேறிய நம்மவர் பல்லாயிரவர் சுரங்கத்தின் ஆழத்தில் பாறை உடைத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், சுரங்கத்துக்கு வெளியே இருந்த முட்புதர் ஒன்றின் கீழ் அந்த முட்டை கிடந்தது.